முதலில் படி, பிறகுதான் பழுது

பாலவனத்தம் பஸ் நிறுத்தத்து டீக்கடை பெஞ்சில் சித்தப்பா ஒரு மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை போகும் பஸ்ஸை விட்டு நான் இறங்கியதும் பையைத் திறந்து காட்டினார். உள்ளே துண்டில் சுற்றிய ஹார்டு டிஸ்க். பக்கத்து வீட்டுப் பையன் சி.பி.யூ.வைத் திறந்து கழற்றிக் கொடுத்திருக்கிறான்.

“நேத்துப் போட்டேன்ப்பா. ரொம்ப நேரம் சும்மாவே சுத்துச்சு. அப்புறம் முழுக்க நீலமா ஒண்ணு வந்துச்சு. அமத்திட்டு மறுபடி போட்டா, டிஸ்க்கைச் செக் பண்ணப் போறேன்னு சொல்லி பத்து, ஒம்பது, எட்டுன்னு எண்ணுது. என்னமோ மனசுக்குப் படல. சட்டுனு கரண்டை அமத்திட்டு உனக்குப் போன் போட்டேன்.”

“பாதி வைத்தியத்தை நீங்களே பார்த்துட்டீங்க சித்தப்பா” என்றேன். உபசாரத்துக்குச் சொல்லவில்லை. அந்த எண்ணிக்கை பூஜ்யத்தைத் தொட்டிருந்தால் நான் வந்து பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சாமல் போயிருக்கலாம்.

சித்தப்பா ரொம்ப காலம் டி.டி.பி. சென்டர் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கோயில் கொடை அழைப்பு என்று சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் அடித்துக் கொடுத்தவர். கடையை மூடிய பிறகு கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்துவிட்டது. விண்டோஸ் எக்ஸ்பி, பேஜ்மேக்கர், 80 ஜி.பி. டிஸ்க். வருஷத்துக்கு ஒரு தடவை மாசி சிவராத்திரிக்கு முன்னால் அதைப் போடுவார். குலதெய்வக் கோயிலுக்குத் தலைக்கட்டு வரி பிரிக்கிற பட்டியல் அதில்தான் இருக்கிறது. எந்தப் பங்காளி எந்த ஊரில் இருக்கிறார், மகனுக்குக் கல்யாணமாகித் தனித் தலைக்கட்டு ஆயிற்றா, திருப்பூருக்குப் போனவர் திரும்பினாரா, யார் தவறினார், எல்லாம் அதில் உண்டு. காகிதத்தில் இருந்ததைத் தட்டச்சு செய்த பிறகு நோட்டுகளைக் கரையான் தின்றுவிட்டது. சிவராத்திரிக்கு இன்னும் பதினெட்டு நாள்.

டீ வந்தது. சித்தப்பா குடிக்கவில்லை. “சொல்லு, உள்ள என்னதான் ஆச்சு?”

அவர் கரிசல்காட்டுக்காரர். அவருக்குச் சொன்ன மாதிரியே இங்கேயும் சொல்கிறேன். இந்த இரும்புப் பெட்டிக்குள் பளபளவென்று ஒரு தட்டு இருக்கிறது. அலுமினியத்தாலோ கண்ணாடியாலோ செய்து, மேலே மெல்லிய காந்தப் பூச்சு பூசியிருப்பார்கள். அதில் வட்டம் வட்டமாகச் சால் ஓட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சாலும் சின்னச் சின்னப் பாத்தியாகப் பிரிந்திருக்கும். பாத்திக்குப் பெயர் செக்டர். பழைய டிஸ்க்கில் ஒரு பாத்தி 512 பைட் கொள்ளும். 80 ஜி.பி. என்று விற்ற டிஸ்க்கில் இப்படி 15,63,01,488 பாத்திகள் உண்டு. கரிசல்காடு முழுக்க எண்ணினாலும் இத்தனை பாத்தி தேறாது.

தட்டு நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றும். அதன் மேல் ஒரு மெல்லிய கை நீண்டு நிற்க, கையின் நுனியில் படிக்கும் தலை. தலை தட்டைத் தொடாது. தட்டு சுற்றுகிற வேகத்தில் எழும் காற்றின் மேல் மிதந்துகொண்டிருக்கும். அந்த இடைவெளி ஒரு மயிரிழையின் கனத்தில் பல ஆயிரத்தில் ஒரு பங்குதான். அந்த உயரத்தில் பறக்கிற தலைக்கு டீக்கடை வாசலில் மிதக்கிற தூசி ஒரு பாறாங்கல். பெட்டியை வீட்டில் திறக்காதீர்கள் என்று சொல்வதற்கு இதற்குமேல் காரணம் வேண்டியதில்லை. சாதாரணமாகத் தூசி உள்ளே போகாது, காற்று போய்வர இருக்கும் சின்னத் துளைக்குப் பின்னால் வடிகட்டி வைத்திருக்கிறார்கள். யூடியூப் பார்த்து நாம் திறந்தால்தான் போகும்.

ஒவ்வொரு பாத்திக்கும் பின்னால் ஒரு சரிபார்ப்புக் கணக்கையும் டிஸ்க் எழுதி வைக்கிறது. படிக்கும்போது கணக்கு ஒத்துவந்தால் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும். சிறு பிசகு என்றால் தானே திருத்திக்கொள்ளும். பெரிய பிசகு என்றால் திரும்பப் படிக்கும், இன்னொரு தடவை படிக்கும், தலையைச் சற்றுத் தள்ளி வைத்துப் படிக்கும். சித்தப்பா பார்த்த ‘சும்மாவே சுத்துறது’ இதுதான். கம்ப்யூட்டர் உறைந்துபோன மாதிரி நமக்குத் தெரிகிற நேரத்தில் டிஸ்க் படாதபாடு பட்டுக்கொண்டிருக்கிறது.

பாத்தி ஏன் கெடுகிறது? வயதாகிப் பூச்சு நலிவது ஒன்று, தலை எங்கோ உரசியது ஒன்று. நம் பக்கத்தில் மூன்றாவது காரணமும் உண்டு. எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்டு போனால் பாத்தி பாதி எழுதியபடி நிற்கும், பின்னால் இருக்கும் கணக்கு ஒத்துவராது. 2012இல் மின்வெட்டுக் காலத்தில் யு.பி.எஸ். பேட்டரியும் செத்துக் கிடக்க, எத்தனை டி.டி.பி. கடைகளில் இது நடந்ததென்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். இப்படிக் கெட்ட பாத்தியில் நிலம் நன்றாகத்தான் இருக்கும், பயிர்தான் போயிருக்கும்.

இனி அந்த எண்ணிக்கைக்கு வருகிறேன். பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணிவிட்டு ஓடுகிற செக் டிஸ்க் கெட்ட எண்ணத்தோடு வருவதில்லை. நல்ல டிஸ்க்கில் கோப்புகளின் கணக்கு குழம்பியிருந்தால் அது உதவும். சாகக் கிடக்கும் டிஸ்க்கில்தான் ஆபத்து. அதன் வேலை கணக்கை நேராக்குவது. ஒரு கோப்பின் பெயர் இருந்து உடம்பு படிக்க வரவில்லையென்றால் பெயரை அழித்துக் கணக்கை நேராக்கிவிடும். துண்டாகக் கிடப்பதைப் பெயரில்லாத கோப்புகளாக ஒரு மூலையில் கொட்டும். எல்லாவற்றையும் அதே டிஸ்க்கின் மேலேயே எழுதும். இன்னொன்றும் இருக்கிறது. படிக்க முடியாத பாத்தியை டிஸ்க் ‘பிறகு பார்க்கலாம்’ என்று குறித்து வைக்கும். அதன்மேல் புதிதாக ஏதாவது எழுதச் சொல்லும்போதுதான், நிலம் தேறாது என்று கண்டால், கடைசியில் ஒதுக்கி வைத்திருக்கும் மாற்றுப் பாத்தியைக் கொடுக்கும். மாற்றுப் பாத்தி வந்ததும் பழைய பாத்திக்கு வழி அடைபட்டது. நூறு தடவை முயன்றால் ஒரு தடவை படித்திருக்கக்கூடிய பாத்தி அது.

“அப்ப சரி பண்றேன்னு சொல்லி அழிச்சிருமா?” என்றார் சித்தப்பா.

அவர் கேட்டதும் எனக்கு இந்த ஊர்ப் பேர் நினைவுக்கு வந்தது. பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர், 1867இல் பிறந்து 1911இல் மறைந்தவர், மதுரையில் 1901இல் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர். அவரைப் பற்றி வழிவழியாகச் சொல்லி வருகிற செய்தி ஒன்றைச் சித்தப்பாவும் பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறார். ஸ்காட் என்ற வெள்ளைக்காரர் தமிழ் படித்து, திருக்குறளில் எதுகை சரியில்லை என்று தமக்குப் பட்ட இடங்களையெல்லாம் தம் இஷ்டத்துக்குத் திருத்தி அச்சடித்துவிட்டார். தேவர் அந்தப் பிரதிகளை மொத்தமாக விலை கொடுத்து வாங்கி ஊருக்குள் பரவாதபடி அழித்தார் என்பார்கள். ஸ்காட்டுக்கும் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. படிக்கத் தெரியாத இடத்தைப் பிழை என்று நினைத்தார், பிழையை மூலத்திலேயே திருத்தினார்.

“இந்த எக்ஸ்பியும் ஸ்காட் துரை மாதிரிதான்னு சொல்லு” என்று சித்தப்பா டீயை எடுத்தார்.

ஆகவே முதல் வேலை படி எடுப்பது. ஏட்டுச்சுவடிக் காலத்திலிருந்து தமிழ்நாட்டுக்குத் தெரிந்த வேலைதான். ஓலை நலிகிறது என்று தெரிந்தால் புது ஓலையில் படி எடுத்துவிட்டுத்தான் மற்றதைப் பார்ப்பார்கள். டிஸ்க்குக்கும் அதே முறை. கோப்பு கோப்பாக இழுத்துப் போடுவதும் கூடாது. ஒவ்வொரு கோப்புக்கும் தலை இங்குமங்கும் தாவும், நடுவில் ஒன்று மாட்டினால் மொத்தமும் நிற்கும். முதல் பாத்தியிலிருந்து 15,63,01,488ஆம் பாத்தி வரை உள்ளது உள்ளபடி இன்னொரு டிஸ்க்கில் ஒரே பெரிய கோப்பாக இறக்க வேண்டும். இமேஜ் எடுப்பது என்பார்கள். பழுது பார்ப்பது, தேடுவது, திருத்துவது எல்லாம் அந்தப் படியின் மேல்தான்.

அதற்கு முன்னால் டிஸ்க்கின் சத்தத்தைக் கேட்க வேண்டும். வீட்டுக்குப் போனதும் துண்டைப் பிரித்து, மின்சாரம் மட்டும் கொடுத்து, காதருகே வைத்துக் கேட்டேன். சீராக ஒரு ரீங்காரம். நல்ல சகுனம். டக், டக், டக் என்று கடிகாரம் போல அடித்தால் தலை கெட்டுவிட்டது அல்லது தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் போய்ப்போய் மோதித் திரும்புகிறது என்று பொருள். அப்போது உடனே நிறுத்திவிட வேண்டும். ஒவ்வொரு நிமிஷமும் தட்டைச் சுரண்டலாம். சத்தமே இல்லையென்றால் அடியில் இருக்கும் பச்சைப் பலகையோ மோட்டாரோ போயிருக்கும். அதே மாடல் டிஸ்க்கிலிருந்து பலகையை மாற்றினால் சரியாகும் என்று இன்னும் சொல்கிறார்கள். மிகப் பழைய டிஸ்க்கில் சரியானதும் உண்டு. பின்னால் வந்தவற்றில் அந்தந்தத் தட்டுக்கும் தலைக்கும் உரிய அளவுகள் பலகையில் ஒரு சில்லில் எழுதியிருக்கும், அதையும் பெயர்த்து மாற்றாமல் வேலைக்கு ஆகாது. இந்த இரண்டு நிலையிலும் வீட்டில் கைவைக்காமல், தூசியற்ற அறை வைத்திருக்கிற ஆய்வகத்துக்கு அனுப்புவதுதான் முறை. செலவு ஆயிரங்களில் ஆகும். உள்ளே இருப்பது அதற்குப் பெறுமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான்.

“ஃப்ரிட்ஜுல வச்சு எடுத்தா ஓடும்னு பையன் சொன்னானே.”

வேண்டாம் சித்தப்பா. உலோகம் சுருங்கி, சிக்கிக்கொண்டது விடுபடும் என்ற நம்பிக்கையில் ஒரு காலத்தில் செய்தார்கள். குளிர்ந்த சொம்பை வெளியே எடுத்து வைத்தால் மேலே வியர்ப்பதைப் பார்த்திருக்கிறோம். அந்த வியர்வை தட்டின் மேல் படிந்தால் மிதக்கிற தலை என்ன ஆகும்? டிஸ்க் சூடாகிறதென்றால் ஒரு டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தால் போதும்.

டிஸ்க்கைக் குறை சொல்வதற்கு முன்னால் சுற்றியிருப்பதையும் பார்க்க வேண்டும். பழைய கம்ப்யூட்டரில் பட்டை ஒயர் விறைத்திருக்கும். பவர் சப்ளையிலும் மதர்போர்டிலும் உள்ள கெப்பாசிட்டர்கள் தலை உப்பி நிற்கும். 2000களின் தொடக்கத்தில் வந்த கெப்பாசிட்டர்களில் இந்த நோய் உலகம் முழுக்கவே இருந்தது. டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் குறிப்பேட்டுக்கு ஸ்மார்ட் என்று பெயர். அதில் 199ஆம் வரி மட்டும் ஏறிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் குற்றம் ஒயரில் இருக்கும். 5, 197, 198 ஆகிய வரிகள் ஏறினால் நிலத்தில் குற்றம். 5 மாற்றுப் பாத்திக் கணக்கு, 197 ‘பிறகு பார்க்கலாம்’ கணக்கு. கூகுள் நிறுவனத்தார் தங்களிடம் இருந்த ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து 2007இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சோதனை ஓட்டத்தில் முதல் பிழை தெரிந்த டிஸ்க், பிழை தெரியாத டிஸ்க்கைவிட அடுத்த 60 நாளில் சாவதற்கு 39 மடங்கு வாய்ப்பு உண்டு என்று கண்டார்கள். இன்னொன்றையும் கண்டார்கள். செத்துப்போன டிஸ்க்குகளில் பாதிக்கு மேல், முக்கியமான அந்த வரிகளில் எந்த எச்சரிக்கையும் காட்டாமலே செத்திருந்தன. குறிப்பேடு சுத்தமாக இருக்கிறதே என்று நம்பி உட்காரக்கூடாது. சித்தப்பாவின் டிஸ்க்கில் 197ஆம் வரி 140ஐக் காட்டியது.

பிறகு படி எடுக்கும் வேலையைத் தொடங்கினோம். இந்த டிஸ்க் ஐ.டி.இ. வகை, நாற்பது ஊசி வரிசை உள்ளது. இன்றைய லேப்டாப்பில் நேரே சேராது. யு.எஸ்.பி.க்கு மாற்றும் கன்வர்ட்டர் ஒயரை மதுரையில் வாங்கி வந்திருந்தேன். டிஸ்க்கின் பின்பக்கம் ஒரு சின்னக் குமிழ் மாதிரி ஜம்பர் இருக்கும். அது மாஸ்டர் இடத்தில் இருக்க வேண்டும், ஸ்லேவில் இருந்தால் பல கன்வர்ட்டர்களுக்குக் கண் தெரியாது. இதை அறியாமல் ‘டிஸ்க் செத்துப்போச்சு’ என்று தூக்கிப் போட்டவர்கள் உண்டு.

விண்டோஸில் சொருகவில்லை. விண்டோஸ் கேட்காமலே டிஸ்க்கில் எதையாவது எழுதும். அதோடு, ‘ஃபார்மட் செய்யட்டுமா’ என்று வேறு கேட்கும். எங்கள் கைக்கும் ‘ஆம்’ பொத்தானுக்கும் நடுவில் அவ்வளவு தூரம் இருக்கவில்லை. பென்டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸில் லேப்டாப்பை எழுப்பினேன். அதில் டி.டி.ரெஸ்க்யூ என்ற கருவி இருக்கிறது. ஸ்பெயின் நாட்டு அன்டோனியோ டியாஸ் டியாஸ் 2004இலிருந்து எழுதிப் பராமரித்து வருவது, காசில்லை. இந்த வேலைக்கு இதைவிட நல்ல கருவி ஒரு வீட்டுக்காரருக்குக் கிடைக்காது என்பது என் தீர்மானமான எண்ணம்.

கட்டளை கொடுக்கும் இடத்தில்தான் நெஞ்சு அடித்துக்கொள்ளும். எந்த டிஸ்க்கிலிருந்து எந்த டிஸ்க்குக்கு என்று சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் வெறும் டிஸ்க்கை எடுத்துப் பட்டியலின்மேல் எழுதிவிடும். சித்தப்பாவை டிஸ்க்கின் மேல் ஒட்டிய சீட்டில் உள்ள சீரியல் எண்ணை உரக்க வாசிக்கச் சொன்னேன். திரையில் உள்ளதோடு எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்த்தேன். மூன்று தடவை. படியை வாங்கும் டிஸ்க் பெரிதாக இருக்க வேண்டும், ஃபேட் 32 முறையில் ஃபார்மட் ஆனதாக இருக்கக்கூடாது. அதில் ஒரு கோப்பு 4 ஜி.பி.க்கு மேல் வளராது, நமக்கு வேண்டியதோ 80 ஜி.பி. கோப்பு ஒன்று.

டி.டி.ரெஸ்க்யூ வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் சுவடி படித்தவர்கள் புன்னகைப்பார்கள். ஒட்டிக்கொண்ட ஓலையைப் பிரிக்க அது முதலில் மெனக்கெடுவதில்லை. கெட்ட இடம் வந்ததும் ஒரு தாண்டு தாண்டி நல்ல இடத்துக்குப் போய்விடும். எளிதாக வருவதையெல்லாம் முதலில் அள்ளிக்கொள்ளும். பிறகுதான் திரும்பி வந்து தாண்டிய பகுதிகளின் ஓரங்களை முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் செதுக்கும். கடைசியில் மிஞ்சியதைப் பாத்தி பாத்தியாகச் சுரண்டும். டிஸ்க் நடுவில் செத்துவிட்டாலும் பெரும்பகுதி கையில் இருக்கும். எது வந்தது, எது வரவில்லை, எதை இன்னும் தொடவில்லை என்று கூடவே ஒரு குறிப்புக் கோப்பையும் எழுதிக்கொண்டே வரும். கரண்டு போனாலும், டிஸ்க் சூடாகி நாமே நிறுத்தினாலும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இந்தக் குறிப்புக் கோப்பு இல்லாமல் ஓட்டுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

முதல் சுற்று ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. 11 எம்.பி. பாக்கி. அந்த 11 எம்.பி.க்கு ராத்திரி முழுக்க ஆனது. ஃபேன் டிஸ்க்கைப் பார்த்து ஓடியது, நாங்கள் வேர்த்துக்கொண்டு படுத்திருந்தோம்.

தூக்கம் வராத சித்தப்பாவுக்கு ஒரு செய்தி சொன்னேன். 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கலம் பூமிக்குத் திரும்பும்போது வானிலேயே சிதறியது. கல்பனா சாவ்லா போன அந்தக் கலம். அதில் செனான் வாயுவை வைத்துச் செய்த ஓர் ஆய்வின் கணக்குகள் ஒரு ஹார்டு டிஸ்க்கில் இருந்தன. ஒரு ஜி.பி.யில் பாதிகூட இல்லாத பழைய டிஸ்க். சில மாதம் கழித்து வற்றிப்போன ஏரிப் படுகையில் அது கிடைத்தது. நம்மூர்க் கண்மாய் கோடையில் கிடக்குமே, அப்படி ஒரு படுகை. பலகை கருகி, பிளாஸ்டிக் உருகி, உள்ளே மண். க்ரோல் ஆன்ட்ராக் நிறுவனத்தார் தட்டுகளைக் கழுவி வேறொரு உடம்பில் பொருத்திப் படித்தார்கள். 99 விழுக்காடு கிடைத்தது. டிஸ்க்கில் பாதிதான் நிறைந்திருந்தது. டாஸ் முறையில் எழுதியதால் செய்தி சிதறாமல் ஓரிடத்திலேயே இருந்தது. மண் சுரண்டிய இடம் எழுதாத இடமாக அமைந்தது. 2008இல் அந்த ஆய்வு அச்சில் வந்தது.

“அந்தப் பிள்ளைக செஞ்ச வேலை வீணாப் போகலை” என்றார் சித்தப்பா. கொஞ்ச நேரம் பேசவில்லை.

விடியும்போது 61 கே.பி. மட்டும் வரவில்லை. 122 பாத்தி. பதினைந்தரைக் கோடியில் 122. இன்னும் சில சுற்று ஓட்டியும் எண் அசையவில்லை. டிஸ்க்கைக் கழற்றித் துண்டில் சுற்றிப் பீரோவில் வைத்துவிட்டோம். இனி அதைத் தொட வேண்டியதில்லை.

அந்த 122 பாத்தி யாருடையது? ஏதோ பாட்டுக் கோப்பினுடையதாக இருந்தால் கவலையில்லை. இதைக் கண்டுபிடிக்க டி.டி.ரெஸ்க்யூவில் ஓர் அழகான வழி உண்டு. படியில், வராத இடங்களை மட்டும் நாம் சொல்கிற ஒரு சொல்லால் நிரப்பச் சொல்லலாம். எந்தக் கோப்பிலும் வரவே வராத ஒரு சொல்லைக் கொடுத்து நிரப்பிவிட்டு, எல்லாக் கோப்புகளிலும் அந்தச் சொல்லைத் தேடினால், ஓட்டை விழுந்த கோப்புகள் தாமே கைதூக்கும். படிக்கு இன்னொரு படி எடுத்து அதில்தான் இதைச் செய்ய வேண்டும். செய்தேன். பெரும்பாலும் விண்டோஸின் சொந்தக் கோப்புகள். இரண்டு பத்திரிகை டிசைன். பிறகு, தலைக்கட்டுப் பட்டியலில் மூன்று பாத்தி.

பேஜ்மேக்கர் அந்தக் கோப்பைத் திறக்க மறுத்தது. பக்க அமைப்பு போனால் போகட்டும் என்று உள்ளே இருக்கும் எழுத்தை மட்டும் உருவினேன். வந்தது தமிழாக இல்லை. பாமினி எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். ஒரு தலைமுறை டி.டி.பி. வேலை முழுக்க இந்த நிலையில்தான் இருக்கிறது. ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒவ்வொரு கணக்கு. 1999இல் தமிழக அரசு டாப், டாம் என்ற பொதுக் குறியீடுகளை ஏற்றது, 2010இல் கோவை செம்மொழி மாநாட்டையொட்டி யூனிகோடுக்கு வந்தது. அதற்குள் ஊரூராக எழுதிக் குவித்தது பழைய கணக்கிலேயே தங்கிவிட்டது. டிஸ்க்கைக் காப்பாற்றியவர்கள்கூட ‘குப்பையாகத்தான் வந்தது’ என்று அழித்துவிடுகிறார்கள். அது குப்பை இல்லை. எந்த எழுத்துரு என்று தெரிந்தால் மாற்றிக் கொடுக்க இலவசக் கருவிகள் இருக்கின்றன. சித்தப்பாவுக்குத் தெரிந்திருந்தது. அரை நிமிஷத்தில் பெயர்கள் தமிழில் வரிசையாக வந்து நின்றன. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஒன்றிலிருந்து வரிசையாக வந்த எண்கள் ஓரிடத்தில் அறுந்தன. பாமினி போன்ற பழைய முறையில் ஒரு வடிவத்துக்கு ஒரு பைட், ஆகவே ஒரு பாத்தியில் ஏறத்தாழ ஐந்நூறு வடிவம் அடங்கும். ஒரு வீட்டுக்கு முப்பத்தைந்து வடிவம் என்று வைத்தால், மூன்று பாத்தியில் போனது 42 வீடு.

நான் உடனே ‘மீதியை நெருக்கி எண் மாற்றிவிடலாமா’ என்று கேட்டேன். சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை. “எண்ணை மாத்தாதே. ஆள் இருக்காங்க, பேருதான் இல்ல.”

அவர் சொன்னதுதான் பதிப்பாசிரியர்களின் வழி. உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். 267, 268ஆம் பாட்டுகள் இன்றுவரை கிடைக்கவில்லை. 269க்கு 267 என்று யாரும் எண் கொடுக்கவில்லை. ஐங்குறுநூற்றில் 129, 130 இல்லை. பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் பத்தாம் பத்தும் இல்லை, பெயர் மட்டும் பதிற்றுப்பத்தாகவே நிற்கிறது. இல்லாததன் இடத்தை இல்லாததற்கே விட்டுவைத்தார்கள். அதனால்தான் என்றாவது ஒரு மூலையில் ஒரு சுவடி அகப்பட்டால் அது எங்கே உட்காரும் என்று நமக்குத் தெரியும்.

ஓட்டையை அடைக்கவும் அவர்கள் வழிதான். ஒரு சுவடியில் செல்லரித்த இடம் இன்னொரு சுவடியில் நன்றாக இருக்கும். ஊர் ஊராகப் போய்ப் பல படிகளைச் சேர்த்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மதுரையில் ஒரு கூட்டத்தில் பேசப்போன பாண்டித்துரைத் தேவருக்கு அவசரத்துக்கு ஒரு திருக்குறள் பிரதி கிடைக்கவில்லை, அந்த வேதனையில்தான் சங்கம் பிறந்தது என்று சொல்வார்கள். நூல் அழிந்துவிடவில்லை, வேண்டிய நேரத்தில் வேண்டிய இடத்தில் படி இல்லை. எங்கள் பட்டியலுக்கும் வேறு படி எங்காவது இருக்க வேண்டும் என்று சித்தப்பா போனை எடுத்தார். சிவகாசியில் ஒருவர், கோவில்பட்டியில் ஒருவர். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் ஒரு பங்காளி வீட்டில், கும்பாபிஷேகத்துக்கு அச்சடித்த வரி நோட்டீஸ் ஒன்றைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார்கள். அவர் மகள் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். மடிப்பில் இரண்டு வரி கிழிந்திருந்தது. 42இல் 40 வீடு வந்துவிட்டது.

இப்போது பட்டியல் மூன்று இடத்தில் இருக்கிறது. என் லேப்டாப்பில், திருப்பூர்ப் பெண்ணின் போனில், சித்தப்பா பீரோவில் ஒரு வெளி டிஸ்க்கில். இரண்டு தாள் அச்சும் எடுத்தோம். பென்டிரைவில் போட்டு வைத்தால் போதாதா என்று சித்தப்பா கேட்டார். எடுத்துப் போகத்தான் பென்டிரைவ், வருஷக்கணக்கில் கரண்டு காணாமல் கிடந்தால் அதில் உள்ளது மெல்ல மெல்ல வடிந்துவிடும்.

சிவராத்திரி அன்று கோயிலுக்குப் போயிருந்தேன். வேன் ஒவ்வொன்றாக வந்து கருவேல மரத்தடியில் நின்றது. சித்தப்பா பட்டியலைப் பரப்பி வைத்து, பேனாவைக் காதில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 117ஆம் எண்ணுக்கு எதிரிலும் 131க்கு எதிரிலும் வெற்றிடம். இறங்குகிறவர்களிடம் எல்லாம் தகப்பனார் பேரைக் கேட்டுக்கொண்டிருந்தார். பத்து மணி சுமாருக்குச் சாயல்குடியிலிருந்து வந்த ஓர் ஆச்சி, தன் மாமனார் பெயரைச் சொல்லி, “எங்க வரியை ஏன் இன்னும் கேக்கல?” என்றார். 117இல் எழுதினார் சித்தப்பா. அடுத்த வேனின் விளக்கு தெரிந்தது. பேனாவை மறுபடி காதில் செருகிக்கொண்டார்.